செம்பிக்கு என்ன நோய் என்று தெரிய 15 மாதம் ஆனது

செம்பி ஜாதி நாய் இல்லை. செங்கல்பட்டில் எங்கள் தெருமுனை டிரான்ஸ்பார்மருக்கு அடியில் பிறந்த ஐந்து குட்டிகளில் ஒன்று. மழையில் நனைந்து நடுங்கிக்கொண்டிருந்ததை என் மகள் துப்பட்டாவில் சுற்றி எடுத்து வந்து, "ரெண்டே நாள்தான்மா" என்றாள். அது 2019. செம்மண் நிறத்தில் இருந்ததால் அத்தை, அதாவது என் மாமியார், செம்பி என்று பெயர் வைத்தார். மூன்று வருடம் அவளால் எங்களுக்குச் செலவே இல்லை. வருடத்துக்கு ஒரு தடுப்பூசி, ஒருமுறை கருத்தடை ஆபரேஷன், அவ்வளவுதான். நாட்டு நாய்க்கு நோயே வராது என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் பெருமை பேசிக்கொண்டிருந்தவள் நான். 2022 தீபாவளிக்கு மறுநாள் அந்தப் பேச்சு நின்றது. அதிலிருந்து 2024 பொங்கல் வரை 15 மாதம், 4 கிளினிக், கிட்டத்தட்ட 68,000 ரூபாய். கணவர் ஓசூரில் வேலை பார்க்கிறார், 15 நாளுக்கு ஒருமுறைதான் வருவார். நாயைத் தூக்கிக்கொண்டு அலைந்தது, ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டு புரியாமல் நின்றது, நகையை அடகு வைத்தது எல்லாம் நான்தான். அன்றைக்கு யாராவது எனக்குச் சொல்லியிருக்கலாமே என்று நினைத்தவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அந்தத் தீபாவளிக்கு இரண்டு நாள் அவள் கட்டிலுக்கு அடியில்தான் கிடந்தாள். எல்லா நாயும் அப்படித்தானே என்று விட்டுவிட்டோம். மறுநாள் காலையில் மஞ்சள் நுரையாக வாந்தி. சாப்பாட்டை முகர்ந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டாள். பின்னங்கால் இரண்டும் லேசாக நடுங்கின. பக்கத்துக் கிளினிக்கில், "பட்டாசு மருந்து எதையாவது நக்கியிருக்கும்" என்றார்கள். ஒரு பாட்டில் டிரிப்ஸ், இரண்டு ஊசி, 650 ரூபாய். சாயங்காலமே வாலை ஆட்டிக்கொண்டு கேட்டுக்கு ஓடினாள். டாக்டர் கைராசிக்காரர் என்று எதிர் வீட்டு அக்காவிடம் சொன்னேன்.

டிசம்பரில் திரும்ப வந்தது. அதே வாந்தி, அதே சோர்வு, டிரிப்ஸ் ஏற்றியதும் அதே ஓட்டம். பிப்ரவரியில் கும்பகோணத்தில் ஒரு கல்யாணம். செம்பியைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு மூன்று நாள் போய் வந்தோம். திரும்பி வந்தபோது எழுந்து வரவேற்கக்கூட அவளுக்குத் தெம்பில்லை. ஏப்ரலில் வீட்டுக்கு வெள்ளையடித்தோம், அந்த வாரமும் படுத்துவிட்டாள். இப்போது இப்படி வரிசையாக எழுதும்போது உங்களுக்கே ஏதோ பிடிபட்டிருக்கும். அப்போது எனக்குப் பிடிபடவில்லை. ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் நடுவில் ஐந்தாறு வாரம் நன்றாக இருப்பாள், காக்கையைத் துரத்துவாள், அத்தையின் முறத்தை இழுத்துக்கொண்டு ஓடுவாள். நோய் என்றால் வந்து இருக்கும், இல்லாவிட்டால் போய்விடும் என்பதுதான் என் கணக்கு. வந்து வந்து போகும் நோயை நான் ஒவ்வொரு முறையும் புது நோயாகவே எண்ணினேன்.

டாக்டர்களுக்கும் அப்படித்தான் தெரிந்திருக்கிறது. அதற்கு நானும் ஒரு காரணம். இரண்டு முறை திரும்ப வந்ததும், இவருக்கு ஒன்றும் தெரியவில்லை என்று அடுத்த கிளினிக்குக்குப் போனேன். அங்கே முதலிலிருந்து ஆரம்பம். பழைய சீட்டு கேட்பார்கள், இருக்காது. இருந்தாலும் அதில் இரண்டு மாத்திரைப் பெயரும் ஒரு கையெழுத்தும்தான் இருக்கும். "என்ன சாப்பாடு போடுறீங்க?" என்பது முதல் கேள்வி. கோழி என்றால் கோழியை நிறுத்து, தயிர் சாதம் என்றால் தயிரை நிறுத்து. டாக்டரை மாற்றவே கூடாது என்று சொல்ல வரவில்லை. மாற்றுவதென்றால் பழைய டாக்டரிடம் கேஸ் ஷீட் நகல், ரத்த ரிப்போர்ட், போட்ட ஊசிகளின் பெயர் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு மாற்றுங்கள். கேட்டால் கொடுப்பார்கள். கேட்பதற்கு எனக்குக் கூச்சமாக இருந்தது. அந்தக் கூச்சத்துக்கு நான் கொடுத்த விலை பெரியது.

மே மாதம் மூன்றாவது கிளினிக்கில் உண்ணிக் காய்ச்சல் என்றார்கள். பிளேட்லெட் கொஞ்சம் குறைவாக இருந்தது. உண்ணிக் காய்ச்சலுக்கான சோதனை நெகட்டிவ்தான். ஆனாலும் எதற்கும் இருக்கட்டும் என்று டாக்சிசைக்ளின் 28 நாள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். நம் ஊர் வெயிலுக்கும் ஈரத்துக்கும் உண்ணி ஏகப்பட்டது, சோர்ந்துபோன நாயைப் பார்த்தால் அந்தச் சந்தேகம் வருவது நியாயம்தான். ஆனால் வாந்தி எடுக்கிற நாய்க்கு அந்த மாத்திரையை 28 நாள் கொடுத்துப் பாருங்கள், தெரியும். வெறும் வயிற்றில் கொடுத்தால் வாந்தி, சாப்பிட்டால்தானே கொடுக்க முடியும், சாப்பிட மாட்டாள். காலை 6 மணிக்கு அவள் வாயைப் பிடித்துக்கொண்டு நானும் மகளும் உட்கார்ந்திருந்த அந்த மாதத்தை நினைத்தால் இப்போதும் வயிற்றைப் பிசைகிறது. மாத்திரை முடிந்த பத்தாம் நாள் பழையபடி விழுந்தாள்.

அதற்கப்புறம் ஸ்கேன், எக்ஸ்ரே. "எல்லாம் நார்மல்மா" என்றார்கள். நார்மல் என்று வந்தால் சந்தோஷப்பட வேண்டும் அல்லவா? எனக்கு ஆத்திரம்தான் வந்தது. நார்மலான நாயா 17.5 கிலோவிலிருந்து 14 கிலோவுக்கு வரும்? அந்த எடைக் குறைவைக்கூட நான் கவனிக்கவில்லை. தினமும் பார்க்கிற கண்ணுக்குத் தெரியாது. விடுமுறைக்கு வந்த கணவர்தான் முதுகைத் தடவிவிட்டு, "என்ன, இடுப்பெலும்பு கையில படுது?" என்றார். அப்புறம்தான் வாரம் ஒருமுறை எடை போட ஆரம்பித்தோம். மகள் செம்பியைத் தூக்கிக்கொண்டு வீட்டுத் தராசில் ஏறுவாள், பிறகு தனியாக ஏறுவாள், கழித்துக்கொள்வோம். கால் கிலோ முன்னே பின்னே இருக்கும், பரவாயில்லை. எடை எந்தப் பக்கம் போகிறது என்பது தெரிந்தால் போதும்.

இதற்கு நடுவில் நான் செய்த ஒரு தப்பையும் எழுதிவிடுகிறேன். ஜூன் மாதம் ஒருநாள் முதுகை வளைத்துக்கொண்டு, வயிறு வலிக்கிற மாதிரி நடந்தாள். மணி இரவு 11. வீட்டில் எனக்கு வாங்கிய ஐப்யூபுரூஃபன் மாத்திரை இருந்தது. பாதி கொடுத்தேன். அடுத்த நாள் தார் மாதிரி கறுப்பாக மலம் போனாள். மனிதர்களின் வலி மாத்திரை நாயின் வயிற்றைப் புண்ணாக்கி ரத்தம் கசிய வைக்கும், சிறுநீரகத்தையும் கெடுக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். டாக்டர் திட்டினார், வாங்கிக்கொண்டேன். நடு ராத்திரியில் ஏதாவது செய்தாக வேண்டும் என்ற தவிப்பில் கை தானாக மருந்து டப்பாவுக்குப் போகும். போக விடாதீர்கள். ஒன்றும் கொடுக்காமல் விடியும் வரை பக்கத்தில் உட்கார்ந்திருப்பதே அதைவிட மேல்.

ஊர் வாயும் சும்மா இருக்காது. "தெரு நாய்க்கு இவ்வளவா? அந்தக் காசுக்கு ஒரு லேப்ரடாரே வாங்கியிருக்கலாமே" என்றார் ஒருவர். அத்தை அப்படிச் சொல்லவில்லை. அவர் உப்பும் மிளகாயும் எடுத்து செம்பிக்குச் சுற்றிப் போட்டார். மிளகாய் நெடிக்குச் செம்பி தும்ம, "பாத்தியா, கண்ணு போயிடுச்சு" என்றார். அந்தச் சமயத்தில் அதுவும் எனக்கு ஆறுதலாகத்தான் இருந்தது. கணவரிடம் பாதிக் கணக்குதான் சொன்னேன். என் இரண்டு வளையல் அடகுக்கடையில் இருந்தது அவருக்கு ஆறு மாதம் தெரியாது. பொய் சொல்வது செலவைவிடப் பாரமாக இருந்தது என்பது உண்மை. ராத்திரிகளில், நான்தான் எதையோ தப்பாகச் செய்கிறேன், சரியாகப் பார்த்துக்கொள்ளத் தெரியவில்லை என்றே ஓடும். அதைச் சொல்லவும் ஆள் இல்லை. நாய்க்காக அழுகிறாள் என்பார்களே.

ஜூலையில் ஒரு நல்ல காரியம் நடந்தது, அதுவும் மகளால். அவள் அறிவியல் நோட்டில் மீதமிருந்த பக்கங்களில் தேதி போட்டு எழுத ஆரம்பித்தாள். என்ன சாப்பிட்டாள், வாந்தி எத்தனை முறை, அன்றைக்கு வீட்டில் என்ன நடந்தது. "அன்றைக்கு வீட்டில் என்ன நடந்தது" என்ற பத்தி எதற்கு என்று நான் கேட்டேன். "சும்மா, டைரி மாதிரி" என்றாள். பழைய தேதிகளையும் போன் போட்டோக்களைப் பார்த்து நிரப்பினாள். போட்டோவில் தேதி இருக்கும் அல்லவா, கும்பகோணம் கல்யாணப் போட்டோ, வெள்ளையடித்த சுவர் என்று ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்தாள். உங்கள் நாய்க்குத் திரும்பத் திரும்ப ஏதோ வருகிறது என்றால் இன்றைக்கே ஒரு நோட்டுப் போடுங்கள். செம்பிக்குக் கடைசியில் நோயைக் காட்டிக்கொடுத்தது ரூல் கோடு போட்ட அந்த எட்டுப் பக்கங்கள்தான். சாப்பிடாத நாளையும், சோர்ந்து நடப்பதையும், நடுக்கத்தையும் போனில் வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கிளினிக் மேஜையில் ஏற்றியதும் பயத்தில் எல்லா நாயும் தெம்பாக நிற்கும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல். இரண்டு நாள் விடாத மழை, கரண்ட் இல்லை, காற்று ஜன்னலை அறைந்துகொண்டே இருந்தது. மூன்றாம் நாள் செம்பி எழுந்திருக்கவே இல்லை. ஈறு வெளுத்திருந்தது, பாதம் சில்லென்று இருந்தது. நான்காவது கிளினிக்கில் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, "கிரியாட்டினின் 4.1 இருக்கு. கிட்னி ஃபெயிலியர்மா. ரொம்பக் கஷ்டப்படுத்தாம தூங்க வச்சிடலாம், யோசிச்சுக்கங்க" என்றார்கள். கிரியாட்டினின் என்பது சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு, ரத்தத்தில் அது ஏறினால் சிறுநீரகம் சரியாக வேலை செய்யவில்லை என்று எடுத்துக்கொள்வார்கள். தூங்க வைப்பது என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். மகளுக்கும் தெரியும், அவள் வெளியே போய் மழையில் நின்றுகொண்டாள். மூன்று நாள் டிரிப்ஸ் போட்டுப் பார்க்கலாம் என்று கெஞ்சினேன். நான்காம் நாள் செம்பி என் கையிலிருந்து இட்லியைப் பிடுங்கித் தின்றாள். திரும்ப ரத்தம் எடுத்தால் கிரியாட்டினின் 1.3. "கிட்னி போனா இப்படித் திரும்பி வருமா சார்?" என்று கேட்டேன். "சில கேஸ்ல வரும்மா" என்று சொல்லிக் கிட்னிக்கான சாப்பாட்டு மூட்டை எழுதிக்கொடுத்தார். அதற்குமேல் கேட்கவில்லை. உயிர் பிழைத்ததே போதும் என்றிருந்தது. கேட்டிருக்க வேண்டும். கெட்டுப்போன சிறுநீரகம் மூன்று பாட்டில் உப்புத் தண்ணீரில் புதுசாக ஆகாது.

அடுத்த அடி போகிக்கு. எங்கள் பக்கம் பையன்கள் விடியற்காலை மூன்று மணியிலிருந்து போகி மேளம் அடிப்பார்கள், தெரு முழுக்கப் புகை. பொங்கலன்று சாப்பிடவில்லை, மாட்டுப் பொங்கலன்று நிற்கவில்லை. தெரிந்த கிளினிக் எல்லாம் விடுமுறை. தெரிந்த ஒரு தம்பியின் மினி வேனைப் பேசி, போக வர 2,500 ரூபாய், விடுமுறை முடிந்த மறுநாள் விடியற்காலையில் சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கிளம்பினேன். செம்பி என் மடியில் பழைய போர்வையில். ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒவ்வொரு சிக்னலிலும் அவள் விலாவைப் பார்த்துக்கொண்டே வந்தேன், ஏறி இறங்குகிறதா என்று.

அங்கே முதலில் பார்த்தது வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒரு மாணவி. ஸ்டெதஸ்கோப்பை வைத்து, தன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே ரொம்ப நேரம் கேட்டாள். எடுத்துவிட்டுத் திரும்ப வைத்தாள். பிறகு பெரிய டாக்டரைக் கூப்பிட்டு, "சார், ஹார்ட் ரேட் 56" என்றாள். நான், நல்லதுதானே, படபடப்பு இல்லையே என்று நினைத்தேன். அவர் சொன்னார்: "இவ்வளவு நீர் வத்திப்போன நாய்க்கு நெஞ்சு வேகமா அடிக்கணும்மா. 150, 160 இருக்கணும். மெதுவா அடிக்குதுன்னா ஏதோ தடுக்குது." என் கையிலிருந்த ரிப்போர்ட்டுகளை வாங்கி நின்றபடியே புரட்டினார். ஆறு ரத்தச் சோதனையிலும் லிம்போசைட் (ஒரு வகை வெள்ளை அணு) என்ற வரியைச் சிவப்புப் பேனாவால் சுழித்தார். உடம்பு இவ்வளவு அவதியில் இருக்கும்போது அந்த அணுக்கள் குறைந்திருக்க வேண்டுமாம். ஆறு முறையும் குறையவில்லை. 14 மாதமாக ஒவ்வொரு ரிப்போர்ட்டிலும் அச்சடித்து வந்த வரி அது. நார்மல் என்பதால் யாரும் நிற்கவில்லை. நார்மலாக இருப்பதே கோளாறு என்று யாருக்குத் தோன்றும்?

அப்புறம் மகளின் நோட்டைக் கேட்டு வாங்கிப் படித்தார். தீபாவளி, கல்யாணம், வெள்ளையடிப்பு, புயல், போகி. விரலை ஒவ்வொரு வரியிலும் வைத்துக்கொண்டு, "ஒவ்வொரு தடவையும் ஊசி போட்டதும் சரியாயிடுச்சா?" என்றார். ஆமாம் என்றேன். "என்ன ஊசி?" தெரியாது. 15 மாதத்தில் எத்தனை ஊசி, ஒன்றின் பெயர்கூட எனக்குத் தெரியாது. அங்கிருந்தே முதல் கிளினிக் கம்பவுண்டருக்குப் போன் போட்டேன். "வாந்திக்கு ஒண்ணுக்கா, அப்புறம் டெக்சா" என்றார். டெக்சா என்பது டெக்ஸாமெதசோன், ஸ்டீராய்டு. டாக்டர் தலையை ஆட்டிக்கொண்டு சோடியமும் பொட்டாசியமும் பார்க்கச் சொன்னார். சோடியம் 127, பொட்டாசியம் 7.4. ஒன்றை ஒன்றால் வகுத்தால் 17 வருகிறது. 27-க்குக் கீழே போனாலே சந்தேகப்பட வேண்டுமாம். அந்தப் பொட்டாசியம்தான் அவள் நெஞ்சைப் பிடித்து வைத்திருந்தது. இன்னும் கொஞ்சம் ஏறியிருந்தால் நின்றே போயிருக்கும். உடனே டிரிப்ஸ் ஏற்றினார்கள். பிறகு கார்டிசால் என்ற ஹார்மோனைச் சுரக்கத் தூண்டும் ஏ.சி.டி.எச். என்ற ஊசியைப் போட்டு, போடுவதற்கு முன் ஒரு ரத்தம், பின் ஒரு ரத்தம் எடுத்துத் தனியார் லேபுக்கு அனுப்பினோம். கார்டிசால் முன்னால் 0.3, பின்னால் 0.4. ஆரோக்கியமான நாய்க்கு ஊசிக்குப் பின் அது பல மடங்கு ஏற வேண்டும். நோயின் பெயர் அடிசன்.

சிறுநீரகத்துக்குப் பக்கத்தில் அட்ரினல் என்று இரண்டு சின்னச் சுரப்பிகள் உண்டு. பயம், அலைச்சல், அதிர்ச்சி எதையும் உடம்பு தாங்கிக்கொள்ள அந்தக் கார்டிசால் என்ற ஹார்மோன், உடம்பில் உப்பைப் பிடித்து வைக்க இன்னொன்று, இரண்டும் அங்கிருந்துதான் வருகின்றன. பெரும்பாலும் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே இந்தச் சுரப்பியை எதிரி என்று நினைத்துத் தின்றுவிடுகிறது. முக்கால்வாசிக்கு மேல் போன பிறகுதான் வெளியே தெரியவே ஆரம்பிக்கும். மீதி இருப்பதை வைத்து அமைதியான நாட்களை ஓட்டிவிடும். தீபாவளி வந்தால் தாங்காது. லண்டனில் தாமஸ் அடிசன் என்ற டாக்டர் 1855-இல் மனிதர்களிடம் இதை விவரித்திருக்கிறார். அமெரிக்க அதிபர் கென்னடிக்கும் இதே நோய்தானாம். கேட்டதும் அத்தை, "நம்ம செம்பிக்குப் பெரிய இடத்து வியாதி" என்றார். நாய்களில் இளவயதிலிருந்து நடுவயது வரை, பெண் நாய்களுக்கு இது அதிகம். வயிற்றுக் கோளாறு, கிட்னி, உண்ணிக் காய்ச்சல் என்று எந்த வேஷமும் போடும். உப்பு உடம்பில் தங்காததால் நீர் வற்றி, கிரியாட்டினின் ஏறி, கிட்னி போனது போலவே ரிப்போர்ட் வரும். டிரிப்ஸ் ஏற்றினால் இறங்கிவிடும்.

இதைக் கேட்டபோது எனக்கு உறைத்தது இதுதான்: டிரிப்ஸ் என்பது உப்புத் தண்ணீர். டெக்சா என்பது அவளுக்கு இல்லாத ஹார்மோனின் வேலையைச் செய்யும் மருந்து. முதல் நாளிலிருந்தே எல்லா டாக்டரும் சரியான வைத்தியத்தைத்தான் செய்திருக்கிறார்கள், நோயின் பெயர் தெரியாமல், ஒவ்வொரு முறையும் இரண்டு நாளுக்கு மட்டும். ஒவ்வொருவரும் பார்த்தது ஒரு நாள் செம்பியை. 15 மாதத்தையும் சேர்த்துப் பார்த்த ஒரே ஆள் நான். எனக்குத்தான் எதைப் பார்க்க வேண்டும் என்று தெரியவில்லை. அதனால் ஊசி போடும்போது, "இதுக்கு என்ன பேரு சார், எழுதிக் கொடுங்க" என்று கேளுங்கள், முடிந்தால் காலி மருந்துக் குப்பியைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்டீராய்டு போட்டால் பல நோய்கள் தற்காலிகமாக அடங்கும், அதனால் அது மட்டுமே துப்பு ஆகாது. ஆனால் ஒவ்வொரு முறையும் டிரிப்ஸும் ஸ்டீராய்டும் போட்டதும் மந்திரம் போட்டது போல எழுந்து, சில வாரத்தில் திரும்ப விழுந்தால், சோடியம், பொட்டாசியம் பார்க்கலாமா என்று நீங்களே கேளுங்கள். எங்களுக்கு ஆறு முறை ரத்தம் எடுத்தும் அந்த இரண்டும் பட்டியலில் இல்லை, ஏனென்றால் வழக்கமான சோதனைத் தொகுப்பில் அது இல்லை. சில நாய்களுக்கு இந்த நோய் இருந்தும் அந்த உப்புக் கணக்கு சரியாக இருக்குமாம். அப்போது கார்டிசால் பார்த்தால்தான் தெரியும். சாட்டைப் புழு இருந்தாலும் உப்புக் கணக்கு இதே மாதிரி தவறலாம், அதனால் மலமும் பார்ப்பார்கள். இன்னொன்று, கார்டிசால் சோதனைக்கு முன் பிரட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்திருந்தால் முடிவு குழம்பிவிடும். வீட்டில் மிச்சமிருந்த மாத்திரையைக் கொடுத்திருந்தாலும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

68,000 ரூபாய் எங்கே போனது என்று ஒருநாள் உட்கார்ந்து எழுதினேன். பீஸ், டிரிப்ஸ், ஊசிக்கு 27,000. ரத்தச் சோதனைகளுக்கு 14,000. ஸ்கேனும் எக்ஸ்ரேயும் 5,500. விதவிதமான சாப்பாட்டு மூட்டைகளுக்கு 11,500. அதில் பாதியைத் தெரு நாய்கள்தான் தின்றன. மீதி 10,000 ஆட்டோவுக்கும் வேனுக்கும், அதில் நாய் என்றதும் கூடுதலாகக் கேட்ட ஆட்டோக்காரர்கள் பங்கும் உண்டு. வழியைத் திறந்துவிட்ட சோடியம், பொட்டாசியம் சோதனைக்கு ஆனது சில நூறு ரூபாய். அதைப் பார்த்தபோது சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை, நோட்டை மூடி வைத்துவிட்டேன்.

இப்போது மாத்திரைகள், ஆயுள் முழுக்க. ஃப்ளூட்ரோகார்டிசோன் என்ற மாத்திரை உப்பைப் பிடித்து வைக்க, பிரட்னிசலோன் கொஞ்சம். இரண்டும் மனிதர்களுக்கான மெடிக்கல் ஷாப்பில்தான் வாங்குகிறேன். முதலாவது எல்லாக் கடையிலும் இருக்காது, சொல்லி வைத்து வரவழைக்க வேண்டும். ஒருமுறை கடைக்காரர், "நாளைக்கு வந்துடும்கா" என்று நான்கு நாள் இழுத்தடித்ததில் நான் பட்ட பாட்டுக்குப் பிறகு, 15 நாள் மாத்திரை கையில் மிச்சம் இருக்கும்போதே அடுத்த அட்டை வாங்கிவிடுகிறேன். திடீரென்று நிறுத்தக் கூடாது, உயிருக்கே ஆபத்து. மாதம் ஆயிரத்துச் சொச்சம் ஆகிறது. ஆரம்பத்தில் அடிக்கடி ரத்தம் எடுத்து அளவைக் கூட்டிக் குறைத்தார்கள், இப்போது நான்கு மாதத்துக்கு ஒருமுறை. அளவு எவ்வளவு என்று வேண்டுமென்றேதான் எழுதவில்லை. அது ஒவ்வொரு நாய்க்கும் ஒவ்வொரு மாதிரி, இதைப் பார்த்து யாரும் கொடுத்துவிடக் கூடாது. தீபாவளி, ஊர்ப் பயணம் மாதிரி நாட்களுக்கு முன்பு பிரட்னிசலோனைக் கூட்டச் சொல்லியிருக்கிறார் டாக்டர். அதற்கென்றே காலண்டரில் மகள் சிவப்பு வட்டம் போட்டு வைத்திருக்கிறாள்.

கிளினிக் கிளினிக்காக அலைகிறவர்களுக்கு இன்னொன்று: வேப்பேரி மட்டுமில்லை, நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு கால்நடைக் கல்லூரிகளிலும் மருத்துவமனை உண்டு. கூட்டம் இருக்கும், ஒருநாள் போய்விடும், விடியற்காலையில் கிளம்ப வேண்டும். ஆனால் ஒரு மாணவிக்கு உட்கார்ந்து நெஞ்சுத் துடிப்பை எண்ண நேரம் இருந்தது. நான் கடைசியாகப் போன இடம் அது. இரண்டாவது முறை விழுந்தபோதே போயிருக்கலாம்.

செம்பி இப்போது 18 கிலோ. 2024 தீபாவளியன்று கட்டிலுக்கு அடியில்தான் இருந்தாள், ஆனால் மறுநாள் காலையில் தட்டை உருட்டிக்கொண்டு சமையலறைக்கு வந்தாள். மாத்திரை கொடுப்பதுதான் இன்னும் போராட்டம். இட்லிக்குள் வைத்துக் கொடுத்தால் இட்லி முழுக்கத் தின்றுவிட்டு மாத்திரையை மட்டும் நக்கித் துடைத்து, ஈரமாக, என் கால் பக்கத்தில் துப்பி வைப்பாள். கோழி ஈரலில் ஒளித்தால் ஏமாறுவாள். அதையும் நான் கொடுத்தால் சந்தேகப்படுவாள்; அத்தை கொடுத்தால் அப்படியே விழுங்கிவிடுவாள். அதனால் காலை ஏழரைக்கும் ராத்திரி ஏழரைக்கும் அத்தை எங்கேயும் போக முடிவதில்லை. "நாய்க்கு மருந்து குடுக்கணும், நான் வரல" என்று போன வாரம் ஒரு வளைகாப்பையே தட்டிக்கழித்துவிட்டார்.